மாட்டுக்கு மேல்பல் வரைந்தவன்

நேற்றுக் காலை, பால்காரருடைய பசுவின் வாய்க்குள் மணிக்கட்டு வரை கையை விட்டபடி நான் நின்றிருந்தபோது, எங்கள் தலைமையாசிரியர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையை எடுக்கலாம் என்றால் பசு விடவில்லை, நாக்கால் சுற்றிப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். அது ஓரடி முன்னால் வந்து என் கால் பெருவிரலில் குளம்பை ஊன்றியது. நான் போட்ட சத்தத்தில் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஓடி வந்துவிட்டார்கள். அதில் என் மகளும் ஒருத்தி.

"என்ன வாத்தியாரய்யா, எம்மாட்டுக்குப் பல்லுப் புடுங்கப் போறீகளா?" என்றார் பால்காரர்.

"எங்கப்பா வருசா வருசம் இப்பிடித்தான். மாட்டு வாயைப் பாத்துட்டுத்தான் மாட்டுப் பாடம் நடத்துவாக," என்றாள் என் மகள், பெருமையாக. தலைமையாசிரியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். பசு தும்மியது. என் சட்டையில் பாதி நனைந்துவிட்டது.

மூன்று முறை சோப்புப் போட்டும் உள்ளங்கையில் அசைபோட்ட வைக்கோல் வாடை போகவில்லை. அந்த வாடையோடுதான் இதை உனக்கு எழுதுகிறேன். நீ மண்ணுக்குள் போய் இன்றோடு இருபத்தைந்து நாள். இனி நான் என்ன எழுதினாலும் நீ சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்ப முடியாது என்ற தைரியம்தான்.

எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டிய நானும், முதல் தடவையிலேயே தாண்டிய நீயும் ஒரே நாளில் அந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தோம். யாரோ ஒரு செட்டியார் குடும்பம் கொடுத்த பெரிய வீடு. முகப்பில் நமக்கு வகுப்பு. பின்கட்டில் சோறும் படுக்கையும். நடுவில், முற்றத்தைச் சுற்றி ஓடிய வளவில் மாதிரிப் பள்ளி; நாம் பாடம் நடத்திப் பழகுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த ஊர்ப்பிள்ளைகள் அங்கே பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வாரத்தில் உயிரெழுத்தை எப்படிச் சொல்லித்தருவது என்று கற்றோமோ இல்லையோ, எப்படி அடிப்பது என்று கற்றோம். மேற்பார்வை வாத்தியார் நம்மைப் புளியமரத்துக்கு அனுப்பி ஆளுக்கொரு விளார் ஒடித்து வரச் சொன்னார். கொண்டு வந்த விளாரை, கொண்டு வந்தவன் கையிலேயே அடித்துப் பார்த்தார். "சத்தம் பெருசா இருக்கணும், காயம் சிறுசா இருக்கணும். இதுதாம்ப்பா வித்தை," என்பார். நாற்பது பேர் வரிசையில் நின்று வித்தையை உள்ளங்கையில் வாங்கினோம். நான் பட்டுப்போன கிளையாகப் பார்த்து ஒடித்திருந்தேன். முதல் வீச்சிலேயே அது இரண்டாகிவிட்டது. அந்தக் குற்றத்துக்கு அவருடைய சொந்த விளாரில் இரண்டு கூடுதல். நீ உன் பங்கை வாங்கிக்கொண்டு, விளாரை அவரிடமே நீட்டினாய்.

"எனக்கு வேண்டாம் சார். நீங்களே வச்சுக்கங்க."

அதற்கு ஆறு. அன்று மத்தியானம் உன்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை. நான்தான் பிசைந்து கொடுத்தேன். அப்படித்தான் நம் சிநேகிதம் தொடங்கியது.

சோற்று வரிசையில் இரண்டாம் வருஷத்துக்காரர்கள் நம் பிடரியில் அறைந்துவிட்டுத்தான் முன்னால் போவார்கள். மூன்றாம் வாரத்தில், அறை விழாத நாளில் எனக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. அறைந்தவனை நாம் அறைய முடியாது. நமக்குக் கீழே இருந்தவர்கள் வளவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மட்டும்தான்.

ஒருவன் பாடம் நடத்தினால் அவனுடைய ஜோடி பின்னால் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி உற்றுநோக்கல் நோட்டில் எழுத வேண்டும். மூன்று கெட்ட குறிப்பு விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு அதற்குள் இரண்டு விழுந்திருந்தது. ஒன்று, பாடக்குறிப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றதற்கு. மற்றது, எழுதிக்கொண்டே போய் கரும்பலகை முடிந்த பிறகும் சுவரில் எழுதியதற்கு. மூன்றாவது பாடத்துக்கு நீ என் ஜோடியாக வந்தாய். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாடம், பசு. இரண்டு நாள் உட்கார்ந்து பெரிய அட்டையில் பசு வரைந்தேன். பிறந்ததிலிருந்து மாட்டைப் பார்த்தவன்தான். ஆனால் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு இருப்பது போலவே மேலும் கீழும் வரிசையாகப் பல் வைத்து வெள்ளை அடித்தேன். பசு சிரித்தது. "யாருப்பா இது, எங்கயோ பாத்த மொகமா இருக்கே," என்று நீயும் சிரித்தாய். உன் வீட்டிலும் மாடு கிடையாது.

வள்ளிக்கண்ணு எழுந்து நின்றாள். வண்டிக்காரர் மகள். எட்டு வயது.

"சார், மாட்டுக்கு மேல முன்பல்லு கெடையாது சார்."

"உக்காரு."

"நெசமாத்தான் சார். எங்க வீட்டுல மூணு உருப்படி நிக்கிது. வந்து பாருங்க சார், கடிக்காது."

வகுப்பே சிரித்தது. எனக்குக் காதுக்குள் மூன்றாவது குறிப்பு கேட்டது. விளார் ஒடிந்துபோன நாளிலிருந்து நான் மூன்றடி மரஸ்கேலை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் இரும்புப் பட்டை பதித்தது. அதை அவள் வாயில் வீசினேன். தட்டையாகப் படவில்லை, பட்டை பட்டது. சத்தம் சிறிதாக இருந்தது. காயம் பெரிதாக இருந்தது. பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு பல்லை எடுத்து அவள் பார்த்தாள். அழவில்லை. ரத்தம் தரைக் கல்லின் சிவப்புப் பூக்களில் சொட்டியது. எது ரத்தம், எது பூ என்று தெரியவில்லை. "உக்காரு," என்றேன். பாடத்தை முடித்தேன். பசுவின் பயன்கள் ஐந்து. ஐந்தையும் விடாமல் சொன்னேன்.

நீ எழுந்து அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் வாயைக் கழுவிவிட்டாய். அப்புறம் தெருவில் இறங்கினாய். அரிசி மூட்டை இறக்க நின்ற வண்டி மாட்டின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, முழங்கை வரை எச்சிலோடு திரும்பி வந்து எழுதினாய். சோற்றுக் கூடத்தில் அதை நான் படித்தேன். "மாணவி சொன்னது சரி. மாட்டைப் பார்த்தேன். ஆசிரியர் அளவுகோலால் மாணவியின் வாயில் அடித்தார். பல் விழுந்தது."

"கிழிச்சிருப்பா."

"மாட்டேன்."

"மூணாவது குறிப்பு. என்னைய அனுப்பிருவாகடா."

"நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லிருக்காக. அதைத்தான் எழுதிருக்கேன்."

"நீ எனக்குச் சேக்காளிதானே?"

"அதனாலதான் நீ கோவத்துல அடிச்சேன்னு எழுதல."

கையில் அலுமினியத் தட்டு இருந்தது. பிடித்த பிடியை விடாமல், சோற்றோடு உன் முகத்தில் வீசினேன். விளிம்பு உன் மேலுதட்டைக் கிழித்துக்கொண்டு மூக்கடி வரை போனது. குழம்பும் ரத்தமுமாக நீ தூணில் சாய்ந்தாய். முதல் வீச்சு கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். ரத்தத்தைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை வீசினேன். இரண்டாம் வருஷத்துக்காரர்கள் கை தட்டினார்கள். நீ திருப்பி அடிக்கவில்லை. நோட்டைச் சட்டையில் துடைத்தாய்.

மறுநாள் காலையில் வள்ளிக்கண்ணுவின் அப்பா வந்தார். இடுப்பில் அரிவாள். வண்டிக்காரர்கள் எல்லாருமே வைத்திருப்பதுதான். ஆனால் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவர் பின்னால் அவள், வாய் வீங்கி. மேற்பார்வை வாத்தியார் முதலில் உன் முகத்தைப் பார்த்தார்.

"உதட்டுல என்னய்யா?"

"கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன் சார்."

வண்டிக்காரர் என்னிடம் கும்பிட்டுக் கேட்டார். "எம்மக என்ன தப்பு சார் செஞ்சுச்சு?"

"எதுத்துப் பேசுச்சு," என்றேன்.

அவர் திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தார், வீங்கின பக்கத்திலேயே. இரண்டாவதற்குக் கை ஓங்கியபோது நீ நடுவில் போய் நின்று, கிழிந்த உதட்டால் நோட்டின் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தாய். ஒவ்வொரு பகரத்துக்கும் உதட்டில் ரத்தம் கசிந்தது. மேற்பார்வை வாத்தியார் நோட்டைப் பிடுங்கினார். "கட்டுப்பாடு நன்று," என்று என் பேருக்கு நேரே சிவப்பு மையில் எழுதினார். உன்னைக் கையை நீட்டச் சொன்னார். எண்ணினேன், பன்னிரண்டு. எல்லாம் அந்த வண்டிக்காரர் கண்ணெதிரே.

அவர் சுவரில் தொங்கிய என் பசுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எந்தூரு மாடு சார்?" என்றார். மகள் கையைப் பிடித்தார். "வா தாயி. நம்ம மாட்டையே பாத்துக்குவோம்."

அன்றிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. என் இடம் தப்பித்துவிட்டது, அவள் இடம் காலி. நீ சனிக்கிழமைதோறும் அவர்கள் ஊருக்கு நடந்தாய். மூன்று சனி, அவர் உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை என்றாய். நாலாவது சனி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "பிள்ளைய அடிச்சது நீ. நான் எத்தனை நாளைக்கு நடக்குறது? வா." அதுதான் நீ என் மேல் கை வைத்த ஒரே தடவை.

அங்கே அவர் என்னைப் பார்க்காமலே எழுந்தார். கட்டுத்தறியைக் காட்டினார். வள்ளிக்கண்ணு பசுவின் தாடையைப் பிடித்துத் திறந்தாள். "பயப்படாம விடுங்க சார்," என்றாள். அவளுடைய முன்பல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. உள்ளே விரலை ஓட்டினேன். மேலே வெறும் ஈறு, செருப்புத் தோல் மாதிரிக் கெட்டியாக.

"நீ சொன்னதுதான் சரி தாயி. நான் அடிச்சது தப்பு," என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரும்," என்றார். வந்தாள்.

அதற்கப்புறம் நான் பிள்ளைகளை அடித்ததே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அடித்திருக்கிறேன். வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. ஸ்கேலை ஓங்கினால் உன் மேலுதடு ஞாபகம் வரும், கை பாதியில் நிற்கும். அந்த உதட்டைப் பற்றி மட்டும் நாம் இருவரும் பதினைந்து வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நீ மீசை வளர்த்துக்கொண்டாய். பெருநாளைக்கு உன் வீட்டுக்கு வந்து பிரியாணி தின்றுவிட்டு, மீசையைப் பார்க்காமல் உன்னோடு பேசப் பழகிக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். போன வாரம் காரைக்குடிக்கு பஸ் ஏறி வந்தேன். உன் மனைவி துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பதால் வெளி ஆண்கள் முன்னால் வரவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது. உன் மகள் டீயும் ரொட்டியும் வைத்த தட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். அலுமினியத் தட்டு. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, அவுகளோட டிரெயினிங்ல ஒண்ணா இருந்தது நீங்கதானே?"

"ஆமா தங்கச்சி."

"அவுக உதட்டுல ஒரு தழும்பு இருக்கும், மீசைக்குள்ள. கேட்டா, சைக்கிள்ல விழுந்தேம்பாக. இன்னொரு நாளு கேட்டா கிணத்தடியில வழுக்குனேம்பாக. ஒரே பதிலாச் சொன்னதில்ல. கடைசியா மொகம் பாக்கையிலயும் அதுதான் கண்ணுல பட்டுச்சு. நெசமா என்னண்ணே நடந்துச்சு?"

உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் வகுப்போ நாலோ இருக்கும். மேலே இரண்டு பல் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது.

"கிணத்தடிதாம்மா. அங்க பாசி. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்பச் சரிண்ணே," என்றது குரல். வெகுநாளாகத் தேடியது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். டீ ஆறிப்போகும் என்று சொன்னது.

குடித்தேன். திரை காற்றில் லேசாக அசைந்தது. நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது. தட்டைத் திருப்பிக் கொடுத்தேன், எழுந்தேன், வாசலில் செருப்பை மாட்டும் வரைக்கும் அது என் வாய்க்குள்ளேயே கிடந்தது: 'கிணத்தடி இல்ல தங்கச்சி. நான்தான். ரெண்டாவது அடிய, ரத்தத்தைப் பாத்துட்டு அடிச்சேன்.'