ஏணியில் ஒட்டாத படகு

மூன்று நாளாக என்னோடு பேசாத என் வீட்டுக்காரருக்கு,

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இதை வைக்கிறேன். பசித்தால் கண்ணில் படும்.

"அலை கம்மிதான். பயந்துபோய்ப் படகைத் திருப்பிட்டேன்னு எழுதிக் குடும்மா, முடிஞ்சிடும்" என்றார் மேனேஜர். பேச்சை நிறுத்துவதற்கு முன், "குடுத்துட்டு வாயேன்" என்று நீங்களும் சொன்னீர்கள்.

எழுத மாட்டேன். கடலுக்குள் நிற்கும் காற்றாலையின் ஏணியில் படகின் மூக்கை முட்டி அழுத்தினால், அது அசையாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதன் பிறகுதான் ஆள் கால் வைக்கலாம். அன்று இரண்டு முறை ஒரு முழம் வழுக்கியது. மூன்றாவது முறை பார்க்க எனக்கென்ன பைத்தியமா? பழுது பார்க்க வந்த ஆறு பேரையும், உங்களையும் சேர்த்துத்தான், கரைக்கே கொண்டுவந்து சேர்த்தேன்.

"பொண்டாட்டி முந்தானையைப் புடிச்சுக்கிட்டு வந்துட்டான்" என்று உங்கள் கூட்டாளிகள் சிரித்தார்களாம். சிரிக்க வாய் மிச்சம் இருக்கிறதே, அது போதும்.

புருஷன் இருந்ததால்தான் திருப்பினேனா என்று மேனேஜரும் கேட்டார். சுக்கானுக்குப் பின்னால் இருந்து பார்த்தால், ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் போட்ட ஆறு முதுகும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றேன். ஏணிக்குக் கை நீட்டியவரின் இடது தோள் கொஞ்சம் சாய்ந்திருந்ததும், அந்தத் தோளுக்கு ஐந்து வருடமாக நான் தைலம் தேய்ப்பதும் ஆபீசுக்கு எதற்கு?

வேறு படகுக்கு மாற்றல் கேட்டிருக்கிறீர்களாம். தாராளமாகப் போங்கள். ஏறுவதற்கு முன் அந்தப் படகோட்டியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வழுக்கினால் ஆளை இறக்குவாரா, படகைத் திருப்புவாரா?

இப்படிக்கு,
வழுக்கினால் நாளையும் திருப்பப்போகிறவள்