யாரும் மறிக்காத ஆட்டக்காரன்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

சீசன் முடியும்வரை போனைத் தொடுவதில்லை என்று அணியில் நாங்கள் எடுத்த விரதத்தால் உனக்கு லாபம். தம்பி கைப்பட எழுதுகிறான்! அத்தானும் குட்டியும் சுகமா?

முழங்கால் பழையபடிதான். ஆட்டத்துக்கு முன் ஒரு ஊசி, முடிந்ததும் ஒரு வாளி ஐஸ். திட்டாதே. பதினோரு வருடமாக ஓர் ஆட்டம்கூட விடாததால்தானே ஊரே என்னை விடாக்கண்டன் என்கிறது? இந்த சீசனோடு ஓய்வு. அதுவரை அந்தப் பெயரில் கீறல் விழக்கூடாது.

ஒரு நல்ல செய்தி. முன்பெல்லாம் கூடையைப் பார்த்து நான் பந்தைத் தூக்கினாலே இரண்டு பேர் மேலே விழுவார்கள். இப்போது ஒருவனும் கிட்டே வருவதில்லை. எனக்கு வயதானாலும் அவர்களுக்குப் பயம் இருக்கிறது பார்!

உன் தம்பி

பிப்ரவரி 12

என் செல்லத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் ஆட்டமென்றால் டிவியை விட்டு நகராத அத்தான், இப்போது பாதியிலேயே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, விடு" என்கிறார்.

நானே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க ஊரார் முழங்காலைப் பிடித்து நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்டான என்னிடம் உன் கால் பொய் சொல்ல முடியுமா? நீ எம்பும்போது வலது முழங்கால் மடங்குவதே இல்லை. பந்துக்கு வேகம் காலிலிருந்து வரவேண்டும். நீ தோளால் தள்ளுகிறாய். அதனால்தான் வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்புகிறது.

அவர்கள் பயந்து ஒதுங்கவில்லையடா. நீ போட்டால் விழாது என்று தெரிந்து விட்டுவிடுகிறார்கள். இதை எழுத எனக்குக் கையே ஓடவில்லை. ஊசி வலியைத்தான் மறைக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. போதும், நிறுத்திக்கொள்.

அக்கா

மார்ச் 2

தம்பி,

பதிலே இல்லை. கோபமென்றால் இரண்டு வரி திட்டியாவது எழுது. நேற்று டிவியில் பார்த்தேன், ஆட்டம் முடிந்து எல்லாரும் உள்ளே போன பிறகும் நீ பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாய். எழுந்திருக்க முடியாமல்தானே? எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

மார்ச் 19, மருத்துவமனை

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து உன்மேல் அவ்வளவு கோபம். என் பெயரைக் கண்டு உனக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன். மன்னித்துக்கொள்.

இன்று பகலில் இறுதி ஆட்டம். இரண்டு ஊசி போட்டுக்கொண்டு இறங்கினேன். கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்து என் கையில். ஒருவனும் மறிக்க வரவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கத்தினார்: "அவனை விடுங்கடா, அவனே போடட்டும்!" அந்தக் குரலில் கேலிகூட இல்லை, அக்கா. நீ எழுதியது அப்போதுதான் உறைத்தது.

கூடைக்குக் கீழே நம் அணிக்காரன் ஒருவன் தனியாக நின்றான். அவனுக்குக் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்போம். பெயர் விடவில்லை, நானே போட்டேன். பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. அத்தனை வருட ஆட்டத்தையும் விட்டுவிட்டு ஊர் இனி இந்தப் பந்தைத்தான் பேசும்.

தரையில் காலூன்றியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. ஊசி போட்டிருந்ததால் வலிக்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லாமல், "வீட்டுல யாராவது வரட்டும்" என்கிறார்.

போனில் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். அதனால் எங்கள் அணி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் ஏறி வந்துவிடு. ஊசியின் மரப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு வருகிறது.

தம்பி