திரும்பிப் போக ரயிலா காரா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. உடம்பளவுல நாங்க எல்லாரும் சுகம்தான், நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும், எந்நேரமும் அதே நினைப்புதான் எனக்கு. உன் தங்கச்சி குட்டி வீட்ல இருந்து எழுதறேன். குழந்தை பிறந்ததை மாப்பிள்ளை அன்னிக்கே உனக்குச் சொல்லிட்டார். நல்ல எடை, அழுதா மேல் வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கிறாங்க, அப்படி ஒரு தொண்டை அந்தப் பொண்ணுக்கு. போன்லயே பேசலாமே, கடிதம் எதுக்குன்னு நினைப்பே. போன்னா அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்துல வந்து உக்காந்துக்கிறார். இது அவர் காதுபட சொல்ற விஷயம் இல்லை. இப்போ மாப்பிள்ளைகூட முடி வெட்டிக்க சலூனுக்குப் போயிருக்கார், அதுக்குள்ள எழுதி முடிக்கணும்.

இங்கே கிளம்பறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். நான் ரயில்ல போகலாம்னேன், கால் நீட்டிப் படுக்கலாம், அவசரத்துக்குப் பாத்ரூம் தேட வேண்டாம். அவருக்கு அது காதுலயே ஏறலை. தொட்டிலை என்ன பண்ணுவே, தலையில வச்சுக்கிட்டு நிப்பியான்னு கேட்டார். நீயும் குட்டியும் படுத்த அந்த மரத் தொட்டிலைப் பரண்ல இருந்து இறக்கி வார்னிஷ் எல்லாம் அடிச்சு வச்சிருந்தார். எதிர் வீட்டு டீச்சர் எனக்காகப் போட்டுக் கொடுத்த ரயில் டிக்கெட்டை, அவங்ககிட்டயே போய் நைச்சியமா பேசி கேன்சல் பண்ண வச்சுட்டு வந்து நிக்கிறார். மருந்துக் கம்பெனிக்காக ஆயுசுல பாதி ஊர் ஊரா கார் ஓட்டின மனுஷன், அவர்கிட்ட ரோட்டைப் பத்தி நான் என்னத்தைப் பேச. வாயை மூடிக்கிட்டு முன் சீட்ல ஏறி உக்காந்தேன்.

வழியெல்லாம் ரொம்ப மெதுவா ஓட்டினார். பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போறான். பரவாயில்லையே, வயசானதுல நிதானம் வந்துடுச்சேன்னு உள்ளுக்குள்ள சந்தோஷமே பட்டேன், என் புத்தியை என்ன சொல்ல. ஒரு பாலத்துக்கிட்ட ரோடு வேலை, குறுக்கே சிவப்பு டிரம் வரிசையா வச்சு வண்டிகளைப் பக்கத்து மண் பாதையில திருப்பி விட்டிருந்தாங்க. இவர் பாட்டுக்கு நேரா போறார். டிரம் டிரம்னு கத்தறேன், எந்த டிரம்னு கேக்கிறார். கேட்டு வாய் மூடறதுக்குள்ள ஒண்ணை இடிச்சு முன் சக்கரம் பள்ளத்துல இறங்கிடுச்சு. பதறாதே, எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தார் போட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து எனக்குத் தண்ணி கொடுத்தா, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதான்னு கோபமா கேட்டா. நான் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தேன், அதான் கவனிக்கலைன்னு பொய் சொன்னேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தார், யாரையும் திட்டலை. அதைப் பார்த்தப்புறம் நானே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைச்சேன்.

அந்த இடத்து இன்ஜினியர் புண்ணியவான், காரைத் தூக்கி விடச் சொல்லி, தானே ஓட்டிக்கிட்டு வந்து ஸ்டேஷன்ல விட்டார். காரை எதிர்ல இருந்த மெக்கானிக் ஷெட்ல போட்டுட்டு, கிடைச்ச ரயில்ல கூட்டத்தோட கூட்டமா ஏறினோம். யாரோ இரக்கப்பட்டு அப்பாவுக்கு ஜன்னலோரம் கொடுத்தாங்க. ஒரு ஸ்டேஷன்ல வண்டி நின்னதும் இது என்ன ஊர்னு கேட்டார். போர்டு அவர் முகத்துக்கு நேரா இருக்கு, நம்ம வீட்டுக் கதவு அகலம், ஒவ்வொரு எழுத்தும் என் கை நீளம். அவரும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். ஊர் பேரைச் சொன்னேன். அடுத்த ஸ்டேஷன்ல அவர் கேக்கலை, நானே வாசிச்சேன். அப்படியே கடைசி வரைக்கும் ஒவ்வொரு ஊரா வாசிச்சுக்கிட்டே வந்தேன்.

இங்கே வந்தப்புறம், கண் டாக்டர்கிட்ட போகலாம்னு மெதுவா ஆரம்பிச்சேன். போன வருஷமே போயிட்டு வந்துட்டேன்னு சாதாரணமா சொல்றார். நரம்பு காய்ஞ்சுபோச்சாம், போன பார்வை திரும்பாதாம், இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கணுமாம். அந்த மருந்தைத்தான் தூசிக்குன்னு சொல்லிப் போட்டுக்கிட்டிருந்திருக்கார். பையன்கிட்டயும் குட்டிகிட்டயும் சொன்னே, அப்புறம் பார்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். மிரட்டறாரா கெஞ்சறாரான்னே எனக்குப் புரியலை.

மாப்பிள்ளை போய் காரையும் தொட்டிலையும் கொண்டு வந்துட்டார். கார் கீழேதான் நிக்குது, அப்பா தினமும் காலையில போய்த் துடைக்கிறார். மாசக் கடைசியில ஊருக்குத் திரும்பணும். நேத்து என்கிட்ட, நீயே சொல்லு, ரயிலா காரா, நீ சொல்றபடி செய்யலாம்னார். கல்யாணமான நாள்ல இருந்து எங்கே போனாலும் எதுல போறதுன்னு அவர்தான் முடிவு பண்ணுவார், இப்போ என்னைக் கேக்கிறார். ரயில்னு சொன்னா உங்க கண்ணு போச்சுன்னு நானே என் வாயால சொன்ன மாதிரி ஆயிடும். கார்னு சொல்ல எனக்கு மனசுல தெம்பில்லை. யோசிச்சுச் சொல்றேன்னு சமையலறைக்குப் போயிட்டேன். இன்னும் சொல்லலை. அவரும் திருப்பிக் கேக்கலை, நான் எதுக்கு வாய் திறந்தாலும் நிமிர்ந்து பாக்கிறார்.

நீ அங்கிருந்து என்ன பண்ண முடியும், எனக்குத் தெரியும். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, அவ்வளவுதான். லீவு போட்டு ஓடி வராதே, நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்.

நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, ஒருத்தருக்கொருத்தர் ஆதரவா நல்லா இருக்கணும். வேலைன்னு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஒண்ணே ஒண்ணு மறக்காதே, நீ அனுப்பற போட்டோவை எல்லாம் அப்பா நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்வாரே, இனிமே போன்ல பேசும்போது அதுல யார் யார் நிக்கிறீங்க, என்ன உடுத்தியிருக்கீங்கன்னு பேச்சோட பேச்சா சொல்லிடுப்பா.

உன் நினைப்பாவே இருக்கிற
அம்மா