ஏகாம்பரம் பெயரில் நாற்பத்தொரு மேற்கோள்கள்

விவேக் நகர், பெங்களூரு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

என் உயிரணு ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று வாராவாரம் கேட்பீர்களே, நாற்பத்தொன்று ஆகிவிட்டது. டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள். இப்போது மேற்கோள் காட்டி எழுதுபவர்கள் எல்லாரும், அந்தக் கட்டுரையில் உள்ள சோதனையைச் செய்து பார்த்தோம், அந்த முடிவு வரவில்லை என்றுதான் எழுதுகிறார்கள். நானும் மூன்று முறை செய்தேன். எனக்கும் வரவில்லை.

கட்டுரை தவறு என்று அறிவித்துவிடலாமா என்று எங்கள் லேப் தலைவர் மஞ்சுநாத் சாரிடம் கேட்டேன். "எதுக்கும்மா? நம்பர் ஏறுதல்லா, சும்மா இரு," என்றார். அவர் கையெழுத்தில்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நமக்குக் குடும்பப்பெயர் இல்லையென்று, கட்டுரையில் கடைசிப் பெயர் கேட்ட இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருந்தேன். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தக் கடைசிப் பெயரைத்தான் எழுதுவார்கள். ஏகாம்பரம் சொன்னது சரியில்லை என்று நாடு நாடாக அச்சாகிறது. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஒரு மெமோகூட வாங்காத பெயர்.

மோர்மிளகாய் தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்களே வாருங்கள். லேபுக்கு நேரமாகிறது. இந்த முறை இனிஷியல் போடவில்லை.

தேன்மொழி