பத்துக்குப் பதினொன்று

என் மேசையின்மீது இரண்டு அளவுகோல்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று என்னுடையது, எஃகாலானது. மற்றது உன்னுடையது, பித்தளை. அதன் விளிம்புகளில் வெள்ளைக் களிமண் காய்ந்து படிந்திருக்கிறது. இரண்டின் தொடக்கக் கோட்டையும் நேராக வைத்துப் பார்த்தேன். உன்னுடையதில் பத்து வரும் இடத்தில் என்னுடையதில் பதினொன்று வருகிறது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

இந்த அளவுகோல் சென்ற வாரம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்த பெட்டியில் இருந்தது. பெட்டியோடு அந்த நீளப் பலகையையும் ஆட்டோவின்மேல் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"பட்டறைய காலி பண்றோம் மாமா. இதெல்லாம் உங்க வூட்லயே இருக்கட்டும். எனக்கு வாணாம்."

"டீ குடிச்சுட்டுப் போம்மா."

"இல்ல மாமா, ஆட்டோ நிக்குது. போயிட்டு வரேன்."

பலகையின்மேல் போர்த்தியிருந்த துணியை அவள் விலக்கவில்லை. அதன் பக்கம் திரும்பவும் இல்லை.

உனக்குத் தெரிந்தவற்றையே இனி எழுதப்போகிறேன். வரிசை பிசகாமல் எழுதினால்தான் எனக்கு விளங்கும். என் தொழில் பழக்கம் அது.

நீயும், நான் தங்கை என்றழைக்கும் உன் மனைவியும் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு உன் அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஆயினும் வெளிச்சம் இருந்தது. சாலை ஓர் ஓடைப் பாலத்தின்மேல் முதுகுபோல் ஏறி இறங்கும் இடம். அந்த இறக்கத்தில், ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வந்த டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்த காலி டிரெய்லர் தாழ்வானது. டிராக்டரோ இறக்கத்தில் அதற்கும் கீழே இருந்தது. எச்சரிக்கைக்கு ஒரு மரக்கிளைகூடப் போட்டிருக்கவில்லை. பாலத்தின் உச்சியைத் தாண்டிய உன் கார் டிரெய்லரில் மோதியது. உனக்கு வலது கை முறிந்தது. தங்கை அங்கேயே இறந்துபோனாள். உன் மகள் அப்போது சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாள்.

இழப்பீட்டு வழக்கை நான்தான் நடத்தினேன். எச்சரிக்கை ஏதுமின்றி வண்டியைச் சாலையில் நிறுத்தியதே விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. அன்று நீதிமன்ற வாசல் டீக்கடையில் நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய், குடிக்கவில்லை.

"அது கோர்ட்டுக்குடா வக்கீலு. நான் பாத்துருக்க முடியுமா, முடியாதா? அத ஒருத்தரும் கேக்கலையே."

அந்தக் கேள்வி வழக்குக்குத் தேவைப்படவில்லை என்று சொன்னேன். சட்டப்படி என் பதில் சரியானது. நீ தலையை ஆட்டினாய்.

அந்த இடத்தை நேரில் போய்ப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. சாலையை அகலப்படுத்தியபோது பாலத்தின் மேட்டையும் சமன் செய்துவிட்டார்கள். பாலத்தின் உயரம், பிரேக் தடம் தொடங்கிய இடம், டிரெய்லர் நின்ற தூரம் என வழக்குக்காக எடுத்த அளவுகள் மட்டும் என்னிடம் இருந்தன. ஒருநாள் அவற்றின் நகலைக் கேட்டு வாங்கிப் போனாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மாடி அறைக்கு, உன் பட்டறையில் பீங்கான் பொம்மைகளைக் காயவைக்கும் பலகைகளில் மிக நீளமான ஒன்றைத் தூக்கி வந்தாய்.

"அந்த எடத்தையே இருபத்திநாலுல ஒரு பங்கா கட்டிப் பாத்துடுவோம்."

பெட்டியில் பாகங்களாக வரும் பிளாஸ்டிக் கார் கிட்டுகளைக் கட்டுவது உன் பழைய பழக்கம். சிங்கப்பூரில் இருந்த உன் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டி வரும். தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் ஃபியூஸ் கட்டைகளும் பீங்கான் பொம்மைகளும் செய்துவிட்டு, மாலையில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கதவுகளை ஒட்டிக்கொண்டிருப்பாய். அதுவரை நான் அவற்றை வேடிக்கை பார்த்தவன். அன்றுமுதல் சரிபார்ப்பவன் ஆனேன். பெட்டியிலிருந்து வரும் பாகங்களை நான் அளக்க வேண்டும். நீயே செய்யும் பாகங்களை நீ அளந்துகொள்வாய். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

அம்பாசடருக்கென்று ஒரு கிட் நமக்குக் கிடைக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடி, அதன் முன்னோடியான ஆங்கிலேயக் காரின் உடல் மட்டும் இரண்டு இடங்களில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். இரண்டையும் வரவழைத்தாய். இரண்டு பெட்டிகளிலும் ஒன்றுக்கு இருபத்துநான்கு என்றே அச்சிட்டிருந்தது.

"பெட்டியில போட்டிருக்கறது அவன் சொல்றதுடா. அளக்காம ஒத்துக்காத."

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தேன். தரையிலிருந்து கூரையின் உயரத்தை அளந்தேன். இரண்டும் ஒரே விகிதத்தில் வந்தால்தான் அந்த உடல் நம்பத்தக்கது. முதல் உடலில் நீளம் சரியாக வந்தது. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று கூரையை மட்டும் யாரோ தாழ்த்தியிருந்தார்கள். அதைத் தள்ளினோம். இரண்டாவது அத்தனை வழவழப்பாக இல்லை. ஆனால் எங்கே அளந்தாலும் ஒரே விகிதம் சொன்னது. அதை ஏற்றோம்.

சக்கரங்கள் வேறொரு கிட்டிலிருந்து வந்தன. வீல் கப்பின் பளபளப்பு, நடுவிலிருந்த குமிழ் எல்லாம் உன் காரில் இருந்தது போலவே இருந்தன. ஆனால் அந்தக் கிட் ஒன்றுக்கு இருபத்தைந்து. டயர் சிறியது, அதை மாட்டினால் கார் தாழ்ந்துவிடும், கார் தாழ்ந்தால் ஓட்டுபவனின் கண்ணும் தாழும். "அழகா இருக்குது. ஆனா பொய் சொல்லும்," என்று டயரைக் கழற்றி வைத்தாய். பிறகு ஒரு பழைய வேன் கிட்டின் டயரைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, அதில் இந்த வீல் கப்பைப் பொருத்தினாய். டிராக்டர் இன்னொரு பெட்டியிலிருந்து வந்தது. டிரெய்லரையும் பாலத்தின் மேட்டையும் என் மாடி அறையிலேயே, என் எஃகு அளவுகோலை வைத்து, பிளாஸ்டிக் தகட்டில் நீயே வெட்டிச் செய்தாய்.

உண்மையான டயரை அளக்கப் பேருந்து நிலையத்தருகே டாக்ஸி நிற்கும் இடத்துக்குப் போனோம். நான் வெள்ளைச் சட்டையோடு ஓர் அம்பாசடரின் பக்கத்தில் குந்தி டேப்பைப் பிடித்ததும் அதன் டிரைவர் ஓடி வந்தார்.

"என்னா சார், டயர ஜப்தி பண்ணப் போறீங்களா?"

"இல்லீங்க, அளவு மட்டுந்தான்."

"அளவு எடுத்துட்டு அப்புறமா ஆள அனுப்புவீங்க. கோர்ட்டு ஆளுங்கள எனக்குத் தெரியாதா?"

நீ அவர் தோளில் கையைப் போட்டு, "அண்ணே, இவன் அவ்ளோ பெரிய வக்கீலு இல்ல. பயப்படாதீங்க," என்றாய். அவர் சிரித்துவிட்டு உன்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவிட்டார். தரையிலிருந்து உன் கண் வரை அளந்தேன். நூற்றிருபது சென்டிமீட்டர். அதைப் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினோம். இருபத்துநான்கால் வகுத்தால் ஐந்து சென்டிமீட்டர், அதாவது ஐம்பது மில்லிமீட்டர். மிச்சமில்லாமல் வகுபடுகிறது என்று எனக்கு ஒரு திருப்தி.

கிட்டுகளில் வந்த மனித உருவங்கள் உனக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் தொப்பி வைத்திருந்தான், இன்னொருவனுக்குக் கழுத்தே இல்லை. இருக்கையையும் அதில் உட்கார்ந்திருக்கும் உன்னையும் ஒரே பாகமாகப் பட்டறையிலேயே செய்தாய். களிமண்ணில் உருவம் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சில் தானாகவே இறுகும் ரெசின் பிசினை ஊற்றி எடுத்தாய். கன்னத்துத் தழும்புகூட அதில் இருந்தது. காருக்குள் ஒட்டி, கூரையை மூடி, என்னிடம் காட்டினாய்.

"தலை கூரைய இடிக்குதேடா," என்றேன்.

"நான் எப்பவும் தலை தட்டுறவன்தான். அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

தங்கையைப் பற்றி நீயாகப் பேசியது அரிது.

சோதனை எளிமையானது. எங்கே பிரேக் பிடித்திருந்தால் மோதாமல் நின்றிருக்குமோ, அந்தக் கடைசி இடத்தில் காரை வைப்பது. உருவத்தின் கண்ணிலிருந்து டிரெய்லரின் மேல்விளிம்புக்கு ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டுவது. நடுவிலுள்ள பாலத்தில் நூல் பட்டால், அங்கிருந்து டிரெய்லர் தெரிந்திருக்காது. படாமல் போனால் தெரிந்திருக்கும். நூல் எந்தத் தரப்பையும் சேராத சாட்சி, அது பொய் சொல்லாது என்று நான் சொன்னேன்.

நூல் படவில்லை. பாலத்துக்கும் நூலுக்கும் நடுவே நீ ஒரு தாளைச் செருகினாய். தாள் தாராளமாக நுழைந்து மறுபக்கம் வந்தது. இன்னொரு முறை செருகினாய். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி," என்றாய். துணியைப் போட்டுப் பலகையை மூடினாய்.

அடுத்த முறை உன் மகள் ஊருக்கு வந்தபோது அவளிடம் சொல்லிவிட்டாய். அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

"அவகிட்ட ஏன்டா சொன்ன?"

"அம்மா எப்படிப் போனாங்கன்னு கேட்டா. சொன்னேன். நூலு பொய் சொல்லாதுன்னு நீதான சொன்ன?"

"அவ என்ன சொன்னா?"

"அப்ப பாத்துருக்கலாமில்லன்னு கேட்டா. எழுந்து உள்ள போயிட்டா."

அதற்குப் பிறகு அவள் அவசியத்துக்கு மட்டும் பேசினாள். வேலைக்குப் போனாள், திருமணம் நடந்தது. பந்தலில் உன் காலில் விழுந்தாள், உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு, மேல்முறையீடு இல்லாதவனைப்போல் இருந்தாய். கார் கிட்டுகளை அதன்பின் நீ தொடவில்லை. பலகையைப் பட்டறைக்கே திருப்பி எடுத்துப் போனாய்.

சென்ற ஆண்டு பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். மாரடைப்பு. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று ஆராயவும் இல்லை. தினமும் நீதிமன்றம் போகிறேன், வாய்தா வாங்குகிறேன், வருகிறேன்.

இனி, சென்ற வாரம். அவள் போனபின் துணியை விலக்கினேன். ஆட்டோ குலுக்கலில் காரின் கூரை விட்டுப்போய், உருவம் கழன்று பலகையில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். தலை கூரையை இடித்தது நினைவுக்கு வந்தது. அதன் இடத்தில் மறுபடி உட்காரவைத்து, தரையிலிருந்து கண்ணுக்கு அளந்தேன். ஐம்பது இருக்க வேண்டும். ஐம்பத்து மூன்றையும் தாண்டியது. உருவத்தை எடுத்துத் தனியாக அளந்தேன். தலை, தோள், முழங்கால் எல்லாமே ஒரே விகிதத்தில் கூடியிருந்தன. பத்தில் ஒரு பங்கு.

அப்போதுதான் பெட்டியிலிருந்த பித்தளை அளவுகோலை எடுத்து என்னுடையதன் அருகில் வைத்தேன்.

அது என்னவென்று எனக்கு முன்பே தெரியும். உன் பட்டறைக்கு நான் முதன்முதலில் வந்த நாளில் நீயே காட்டியிருக்கிறாய். களிமண் சூளையில் வேகும்போது சுருங்கும். அதனால் அச்சுக்கான உருவம் எல்லாவற்றையும் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமலிருக்க, கோடுகளையே அகலமாக்கிய அளவுகோல். "பத்துக்குப் பதினொண்ணு போட்டாத்தான் சூளைக்குப் போயி பத்தா வரும்," என்றாய். இத்தனை வருடம் உன் கை அந்த அளவுகோலைத்தான் பிடித்தது. உன் மேசையில், உன் களிமண்ணில் உட்கார்ந்தபோது வேறெதைப் பிடித்திருக்கும்? ஆனால் இந்த உருவம் ரெசின். இது சூளைக்குப் போகவில்லை. சுருங்கவில்லை.

உன்னைப் பத்தில் ஒரு பங்கு பெரியவனாகச் செய்து, அவன் கண்ணால் பார்த்து, உனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டாய்.

காருக்குள், உன் இடத்தில், ஒரு குண்டூசியைச் செருகினேன். அதன் தலை தரையிலிருந்து ஐம்பது மில்லிமீட்டரில் நிற்கும்படி அழுத்தினேன். நூலை அதிலிருந்து கட்டினேன். நூல் பாலத்தின் முதுகில் படிந்து, வளைந்து, அந்தப் பக்கம் இறங்கியது. தாளைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை.

வேகம், வெளிச்சம் பற்றி இந்தப் பலகை எதுவும் சொல்லாது. நீ கேட்டது ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் இருக்கிறது. முடியாது. உன்னால் பார்த்திருக்க முடியாது.

இதை யாரிடம் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவைக் குற்றமற்றவர் ஆக்கும் ஒரு தகவல், அவரோடு பேசாமலிருந்த வருடங்களை மகள்மேல் குற்றமாகத் திருப்பிவிடும். சொல்லாமல் விடுவதற்கும் நல்ல காரணங்கள் இருந்தன. ஆனால் அவை என் வசதிக்கான காரணங்கள். மூன்றாம் நாள் அவளுக்கு ஃபோன் செய்தேன். மாலையில் வந்தாள்.

இரண்டு அளவுகோல்களையும் காட்டினேன். உருவத்தை அளந்து காட்டினேன். பிறகு நூலின் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு விலகி நின்றேன். அவள் குனிந்து நூலைப் பார்த்தாள். அது பாலத்தில் படியும் இடத்தை விரலால் தொட்டாள்.

"அவருக்குத் தெரியாமலே போயிடுச்சா மாமா?"

"ஆமாம்மா."

"நீங்க நல்லா பாத்தீங்களா?"

"மூணு தரம் பாத்தேன்."

இந்த முறை டீயை வாங்கிக் குடித்தாள். பிறகு துணியால் பலகையை மூடி, "இத நான் எடுத்துக்கறேன் மாமா," என்றாள். நான் உருவத்தை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கிக் கன்னத்துத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"இவரு உங்ககிட்ட இருக்கட்டும். எனக்கு அந்த ஊசி போதும்."

ஆட்டோவில் பலகையை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சரியான அளவில் இருக்கும் நீ, முகமில்லாத ஒரு குண்டூசியாக, உன் மகள் வீட்டில் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறாய். உன் முகம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு பெரிதாக. காலையில் வழக்குக் கட்டுகளை எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது உருண்டு முன்னால் வருகிறது. எடுத்து, மறுபடி உட்காரவைத்து, மூடுகிறேன்.