மொட்டைக் கடுதாசியின் தலையில் சிலுவை

9.11.87 திங்கள்
தூறல். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.
ராஜபாளையம் மில் முதலாளி கார் அனுப்பினார். போலீசுக்குப் போக முடியாத காரியம் என்றால் பெரிய வீடுகளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பு எட்டாவது. எஸ்.பி.க்கே யோசனை சொன்னவன் (டீக்கடையில், ஒரு தடவை).
வி‌ஷயம்: மகள் சுபாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி. அவர்கள் அனுப்பிக் கொடுத்ததை முதலாளி என் கையில் தந்தார். 'பெண்ணுக்கு வலிப்பு.' அச்சு மாதிரி எழுத்து, யார் கை என்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் முத்திரை. தாளின் தலையில் சிலுவை.
மில் கணக்கர் ஞானராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். எதை எழுதினாலும் மேலே சிலுவை போடுவார்.
"வியாழக்கிழமை பத்து மணிக்கு, மில் வாசல்ல, எல்லார் முன்னாலயும் அவனை வெளிய தள்ளுதேன். அதுக்குள்ள சாட்சி கொண்டாரும்" என்றார் முதலாளி.

10 செவ்வாய்
ஞானராஜ் வீடு. காபி. அவரே ஆற்றிக் கொடுத்தார்.
"இருவது வருசம்யா. அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவன் நான்."
அவர் மனைவி: "பேர மறைக்கிறவன் சிலுவையப் போட்டுக் காட்டுவானா?"
நல்ல கேள்வி. எனக்கே தோன்றியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

11 புதன்
கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்தேன். சிலுவைக்கு அடியில் பிள்ளையார் சுழி! பழக்கத்தில் போட்டுவிட்டு, அதை அடித்து மறைக்க நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. சிலுவையாகிவிட்டது. சுழிக்குக் கீழே இரண்டு கோடு, நடுவில் புள்ளி.
முதலாளி வீட்டுக்கு ஓட்டம். சுபா சீர்த்தட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். மேலே அதே சுழி. இரண்டு கோடு. புள்ளி.
என் முகத்தைப் பார்த்தாள். பேனா நின்றது.
"வேண்டாம்னு மூணு தடவ சொன்னேன் மாமா. யாரும் கேக்கல. ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்குப் போனப்ப தபால்ல போட்டேன். ஞானராஜ் அண்ணன் தலையில விழும்னு நெனைக்கல."
"நாளைக்குப் பத்து மணி. நீ சொல்லுதியா, நான் சொல்லவா?"
பேனாவை மூடி வைத்தாள்.

12 வியாழன்
மழை. மில் வாசலில் இரண்டு ஷிப்டு ஆட்களும். ஞானராஜ் நனைந்துகொண்டு. மணி பத்து. முதலாளி வாயைத் திறக்கப் போகிறார். கார். சுபா.
"அப்பா, செத்த நேரம் உள்ள வாங்க."
கதவு சாத்தல். அரை மணி நேரம். மழையிலும் எனக்கு வியர்வை.
முதலாளி வெளியே வந்தார். ஞானராஜ் கையைப் பிடித்தார். "போய் வேலையப் பாருங்க." இருபது வருடத்தில் முதல் 'ங்க'.
என்னிடம்: "நிச்சயம் இல்ல. ஊருக்கு என்னவே சொல்ல?"
"அது என் வேலை முதலாளி."
நேரே டீக்கடை. "எழுதுனவனத் தேவதானத்துல வச்சுப் பிடிச்சேன். ஆறடி ஆளு, கையில அருவா. கடுதாசிய நம்புன வீட்டுக்குப் பொண்ணு எதுக்குன்னு முதலாளியே முறிச்சுட்டாக."
டீ மாஸ்டர்: "அளக்காதீரும் மாமா. போன வாட்டியும் ஆறடிதான்."
"ஏலே, இவன் ஏழடி."