வடக்குத் துண்டின் பூட்டு

அனுப்புநர்:
ஆடு மேய்ப்பவர்,
தெற்குத் துண்டு, பொது மேய்ச்சல் நிலம்.

பெறுநர்:
உயர்திரு நில அலுவலர் அவர்கள்,
நில அலுவலகம்.

பொருள்: மழை பெய்த பக்கத்துக்கு ஆடுகளை ஓட்டிச் செல்ல விடாமல் போட்டிருக்கும் பூட்டை உடனே திறக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பொது மேய்ச்சல் நிலத்தைத் தாங்கள் சென்ற கோடையில் அளந்து, குடும்பத்துக்கு ஒரு துண்டாகச் சமமாகப் பிரித்து, கம்பி வேலி போட்டுக் கொடுத்தீர்கள். இனிச் சண்டை வராது என்றீர்கள். அப்படியே மழையையும் பிரித்துக் கொடுத்திருக்கலாம். வானத்துக்குத் தங்கள் வரைபடம் போய்ச் சேரவில்லை போலும். வடக்குத் துண்டில் கொட்டித் தீர்த்தது. என் துண்டில் புழுதிகூட அடங்கவில்லை.

2. மழை எங்கே பெய்யும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. எந்தப் பக்கம் பெய்கிறதோ, அந்தப் பக்கத்தில் பட்டி போட்டிருப்பவர்கள் அன்றே மற்றவர்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். யாருடையதானாலும் சினை ஆடுகள்தான் முதலில் மேயும்.

3. வடக்குத் துண்டு என் நாத்தனாருடையது. ஒரு கல்யாண வீட்டில் வந்த மனஸ்தாபத்தில் நாங்கள் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவளே, "ஆட்ட ஓட்டிக்கிட்டு வரச் சொல்லு. எனக்கும் அவளுக்கும்தான் ஆகாது, ஆடு என்ன பண்ணுச்சு?" என்று தன் கணவரிடம் சொல்லி அனுப்பினாள். ஓட்டிப் போனேன். இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ள கேட்டில் தங்கள் அலுவலகப் பூட்டு தொங்கியது.

4. அலுவலகத்துக்கு வந்து கேட்டேன். தங்கள் எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "உங்க பங்குல மேய்ச்சுக்கோங்கம்மா. அடுத்தவங்க பங்குல ஏன் கண்ணு வைக்கிறீங்க?" என்றார். கூப்பிட்டவள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், நான் திருடியா? அவளுடைய ஆடுகளால் அவ்வளவு புல்லையும் மேய்ந்து தீர்க்க முடியாது. அது முற்றிக் காய்ந்து வீணாகப்போகிறது. இந்தப் பக்கம் என் ஆடுகள் கம்பிக்குள் தலையை விட்டு எட்டிய புல்லைக் கடித்துவிட்டு, கழுத்தில் கீறலோடு நிற்கின்றன. நேற்று ஒரு சினை ஆடு அந்தக் கம்பியோரமே விழுந்து செத்தது. எங்கள் சண்டையைத் தீர்க்க வந்த வேலி செய்த வேலை இது.

5. ஆகவே, தாங்களே நேரில் வந்து பூட்டைத் திறந்துவிடுமாறும், இனி மழை பெய்தால் எந்தக் கேட்டையும் பூட்டக் கூடாது என்று உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பேசாமலிருந்த நானும் என் நாத்தனாரும் இப்போது வேலிக்கு இருபுறமும் நின்று பேசிக்கொள்கிறோம். பேச்சு முழுவதும் தங்கள் பூட்டைப் பற்றித்தான். கோடரி அவளிடம் இருக்கிறது. நாளைக் காலைக்குள் சாவி வந்தால் பூட்டு மிஞ்சும்.

இடம்: பூட்டிய கேட்டின் தெற்குப் பக்கம்
நாள்: வடக்கே மழை பெய்ததற்கு அடுத்த வாரம்

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த,
(கையொப்பம்)
ஆடு மேய்ப்பவர், தெற்குத் துண்டு

கம்பி வழியாக வாங்கிப் படித்து ஒப்புக்கொள்பவர்:
(கையொப்பம்)
அவளுடைய நாத்தனார், வடக்குத் துண்டு